மிளகு வைத்தவனின் அக்கா

இப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே.

எஸ்தர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுக்களை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த தம்பியின் முதுகைப் பார்த்தபோது, அந்த நினைப்பு தானாக வந்து நின்றது. மூன்று மாதமாக அவளுடைய கைப்பை மேசைமேலேயே கிடக்கிறது. அலமாரிச் சாவியை அவள் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பதில்லை. படுத்தால் தூங்கிவிடுகிறாள். நாற்பத்தாறு வயதில் இப்போதுதான் தூக்கத்தின் ருசி பிடிபட்டிருக்கிறது. இந்த ருசியை இனி விட முடியாதோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதுமே திரும்பி அடுப்பைச் சிறிதாக்கினாள்.

"கிளாடு, காம்பத் தனியா போடுல."

"சரிக்கா."

தனியாகப் போட்டான். சொன்னதைச் செய்தான். சொல்லாத எதையும் செய்யவில்லை.

கிளாட்சனின் வலது காதுக்குப் பின்னால், முடி தொடங்குமிடத்தில், தோலுக்கு அடியில் சின்னதாக ஒரு மேடு தெரியும். அதற்குள் இருக்கும் கருவிக்கு அரசாங்கம் நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. மிளகு என்றுதான் சொல்கிறார்கள். அதை வைத்துக்கொண்டவன் மிளகு வைத்தவன்.

தேநீர்க் கடையைத் தாண்டும்போதெல்லாம் பெஞ்சிலிருந்து ஒரு குரலாவது எழும். "ஏ மிளகு! இன்னைக்கு மழ வருமா? பந்தயம் கெட்டுதியா?" பழைய கிளாட்சனாக இருந்தால் கடைக்குள் ஏறிச் சட்டையைப் பிடித்திருப்பான். இப்போது நின்று, வானத்தைப் பார்த்து, "தெரியலியே" என்று பதில் சொல்லிவிட்டு நடப்பான். சிரித்தவர்களுக்கே அதற்குப்பின் சிரிப்பு ஓடாது.

மழைதான் அவனைத் தின்றது. மழை என்றால், கைபேசிக்குள் இருந்த மழை. அந்தச் செயலியில் எதன்மேல் வேண்டுமானாலும் பந்தயம் வைக்கலாம். பெயர் தெரியாத ஏதோ ஓர் ஊரின் வானம் திரையில் தெரியும். அடுத்த நிமிடத்துக்குள் தூறல் விழுமா, விழாதா? சாலை தெரியும். அடுத்து வருவது சிவப்பு வண்டியா, இல்லையா? சட்டம் ஒரு பெயரைத் தடை செய்தால், மறுவாரம் வேறொரு பெயரில் அதே வானம் வந்து நிற்கும். மேகம் கறுத்து, காற்று எழும்பி, இதோ விழப்போகிறது என்ற இடத்தில் நிமிடம் முடிந்துவிடும். "கொஞ்சத்துல தப்பிருச்சுக்கா" என்பான். தோற்றேன் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

சுற்றுவட்டத்துத் துணை சுகாதார நிலையங்களில் தடுப்பு மருந்து வைக்கும் குளிர்பெட்டிகளைப் பராமரிப்பது அவன் வேலை. சூரிய ஒளியில் ஓடும் பெட்டிகள். வெயில் இல்லாத நேரத்துக்கு ஒரு மின்கலம் இருக்கும். முதலில் அவனுடைய பைக் போனது. பிறகு செத்துப்போன அம்மாவின் சங்கிலி. பிறகு ஒரு திங்கட்கிழமை, முத்தன்விளை நிலையத்துப் பெட்டியின் மின்கலம். அந்த நிலையத்துச் செவிலி எஸ்தர்தான். பெட்டியின் வெப்பநிலை சரியாக இருப்பதாக மாவட்டத்துக்குத் தகவல் போகும்படியும் அவன் ஒரு வேலை செய்து வைத்திருந்தான்.

"நாளைக்கே வாங்கி மாட்டிடலாம்னுதான் கழத்துனேன்" என்று நீதிமன்றத்தில் சொன்னான். அது பொய்யில்லை என்று எஸ்தருக்குத் தெரியும். அவன் எதையுமே திருட்டு என்று நினைத்து எடுத்ததில்லை. இரவல் என்று நினைத்துத்தான் எடுத்தான்.

அந்த வாரம் புதன்கிழமை தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட ஏழு குழந்தைகளில் ஒன்றுக்கு நாலு மாதம் கழித்து அதே அம்மை வந்தது. பிழைத்துக்கொண்டது. ஆனால் இடது காது கேட்காமல் போய்விட்டது. அம்மை ஏன் வந்தது என்று தேடிக்கொண்டு போனவர்கள் குளிர்பெட்டியைத் திறந்தார்கள். மின்கலம் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் இருந்தது.

மூன்று வருடத் தண்டனை. பதினாலு மாதம் கழிந்தபோது மிளகுத் திட்டம் வந்தது. சூதுப்பழக்கத்தால் குற்றம் செய்தவர்கள் அதை வைத்துக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம். குடும்பத்தில் ஒருவர் பொறுப்பேற்று, கைரேகை வைக்க வேண்டும். சூதாடியின் சம்மதத்தைச் சட்டம் முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை.

எஸ்தர் பொறுப்பேற்றுக் கைரேகை வைத்த அன்றைக்கு மறுவாழ்வு மையத்தில் டாக்டர் வஹிதா பொறுமையாகத்தான் விளக்கினார்.

"ஜெயிக்கிற சந்தோஷம்தான் இவங்களப் பிடிச்சு வச்சிருக்குன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அது இல்லம்மா. ஜெயிச்சிருவோமோங்கிற அந்த ஒரு நிமிஷம் இருக்கு பாருங்க, அதுதான். அந்த 'ஒருவேளை'. அப்போ மூளையில ஒரு துடிப்பு வரும். இது அந்தத் துடிப்ப அமத்திரும். அவ்வளவுதான்."

"வேற ஒண்ணும் செய்யாதே டாக்டர்?"

"கொஞ்சம் அமைதியாயிடுவார்."

அமைதியாகிவிட்டான்.

போன மாதம் சித்தி வீட்டிலிருந்து ஒரு பலாப்பழம் வந்தது. பலாப்பழம் வந்துவிட்டால் சின்ன வயதில் கிளாட்சனை வீட்டில் அடக்க முடியாது. நாளுக்குப் பத்துத் தடவை தட்டிப் பார்ப்பான். காதை வைத்துக் கேட்பான். "இன்னைக்குப் பழுத்துரும்க்கா, நீ வேணா பாரு" என்று பழத்தை மூடிய சாக்கைச் சுற்றிச் சுற்றி வருவான். அம்மா ஒருமுறை அவனைக் கதவில் கட்டிப்போட்டாள். இந்தத் தடவை எஸ்தருக்கு முகாம் வேலை. ஐந்து நாள் பழத்தை மறந்துவிட்டாள். வந்து பார்த்தால் மூலையில் பழம் வெடித்து, சாறு வழிந்து, ஈ மொய்த்துக் கிடந்தது. வீடு முழுக்க வாடை. அதற்கு இரண்டடி தள்ளி நாற்காலியில் கிளாட்சன் உட்கார்ந்திருந்தான்.

"ஏல, இது வெடிச்சுக் கெடக்கது தெரியலியா?"

"தெரிஞ்சிது."

"பின்ன?"

"நீ வெட்டச் சொல்லலியேக்கா."

அவள் சாக்கோடு பழத்தைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினாள். திரும்பி வரும்போது அழுகை வந்தது. ஒரு பலாப்பழத்துக்கா அழுகிறோம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். அன்றைக்கும் நன்றாகத் தூங்கினாள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மையத்திலிருந்து கடிதம் வந்தது. தொண்ணூறு நாள் சோதனைக் காலம் முடிகிறது. பொறுப்பாளர் நேரில் வந்து கைரேகை வைத்தால் மிளகு நிரந்தரமாகும். மிச்சத் தண்டனை ரத்தாகும். வைக்காவிட்டால் மிளகை எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சிறையில் கழிக்க வேண்டும். எஸ்தர் அதைப் படித்தபோதே மனத்துக்குள் கைரேகை வைத்துவிட்டாள். யோசிக்க என்ன இருக்கிறது?

மறுநாள் சாயங்காலம் சுடர்க்கொடி வந்தாள், காது போன குழந்தையின் தாய்.

கூடவே மகிழினி. மூன்று வயதுக் குழந்தை. தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தது. நல்ல காதை உலகத்துக்குக் கொடுத்துப் பழகிய சாய்வு. சுடர்க்கொடி உப்பளத்தில் வேலை பார்க்கிறவள். கணுக்கால் வரை வெள்ளை பூத்திருந்தது. வழக்கு நடந்த நாள் முதல் இந்த வீட்டு வாசலை அவள் மிதித்ததில்லை.

"வா சுடர். உள்ள வா."

"இருக்கட்டும் நர்சம்மா. இவரத்தான் பாக்க வந்தேன்."

கிளாட்சன் எழுந்து வந்தான். குழந்தையைப் பார்த்தான். அதன் இடது பக்கம் போய்க் குனிந்து, "பாப்பா பேரு என்ன?" என்று கேட்டான். குழந்தை திரும்பவில்லை. கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் இன்னொரு முறை கேட்கவில்லை. நிமிர்ந்துகொண்டான்.

சுடர்க்கொடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எம்புள்ளய நெனச்சு ஒமக்கு ஒறக்கம் கெட்டுருக்கா?"

"முன்ன கெட்டுது" என்றான் கிளாட்சன். "இப்ப நல்லா ஒறங்குதேன்."

சொன்னதில் திமிர் இல்லை. மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொன்னதுபோல் இருந்தது. எஸ்தர் பதறி, "கிளாடு, உள்ள போ" என்றாள். போனான்.

"தப்பா நெனைக்காத சுடர். அது அவன் பேசல. அந்த மிளகு..."

"தெரியும் நர்சம்மா. ஊரே சொல்லுதே." சுடர்க்கொடி முந்தானையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். "ஜெயில்ல இருந்து மாசத்துக்கு ஒரு கடுதாசி போடுவாரு. சொல்லிருக்காரா? மொத ரெண்டையும் படிக்காமலே கிழிச்சேன். நாசமாப் போறவன், இன்னும் என்ன எழவு எழுதுதான்னு மூணாவதப் பிரிச்சேன். மன்னிப்புக் கேப்பாருன்னு நெனச்சேன். கேக்கல. பாப்பாவுக்கு எந்தக் காது கேக்காதுன்னு மட்டும் கேட்டிருந்தாரு. என்னைக்காவது எதுக்க வந்தா, அந்தப் பக்கம் நின்னு பேசிறக் கூடாதுன்னு."

எஸ்தர் தாளை வாங்கவில்லை.

"பதில் போடல. போடவும் மாட்டேன்னுதான் இருந்தேன். ஆனா மாசக் கடைசியானா தபால்காரர் வண்டிச் சத்தத்துக்கு எங்காது போவும். அது என்ன கருமமோ தெரியல. எம்புள்ளய இப்பிடி ஆக்குனவன் எங்கயோ உக்காந்து அத நெனச்சிக்கிட்டு இருக்கான்ங்கிறதுல எனக்கு ஒரு... சொல்லத் தெரியல நர்சம்மா. மூணு மாசமா ஒண்ணும் வரல. ஏன் வரலன்னு கேக்கத்தான் வந்தேன்."

குழந்தை கோழியை விட்டுவிட்டு அம்மாவின் கையை இழுத்தது.

"கடுதாசி போட்ட ஆளு உள்ள இல்லியே" என்றாள் சுடர்க்கொடி. "அவர எங்க வச்சிருக்கீங்க?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். எஸ்தர் வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். உள்ளே கிளாட்சன் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். போடச் சொல்லவில்லையே.

மையத்துக்குப் போகும் பேருந்தில் எஸ்தர் ஜன்னலோரம், கிளாட்சனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் குத்தின. மூன்று வருடமாகக் கேட்காத ஒன்றைக் கேட்க அவளுக்கு அந்த வெளிச்சம் துணையாக இருந்தது. இப்போதைய கிளாட்சனிடம் எதைக் கேட்டாலும் உண்மை வரும். அதனால்தான் இந்த மூன்று மாதமும் கேட்காமல் இருந்தாள்.

"கிளாடு. அந்தப் புதங்கிழமை நீ நெலையத்துக்கு வந்திருந்தியே."

"ஆமா. பெட்டியில டிகிரி காட்டுற மானி ஓடலன்னு கூப்பிட்ட. மானிதான் கோளாறு, பெட்டி நல்லா ஓடுதுன்னு சொன்னேன்."

"நான் என்ன செஞ்சேன்னு பாத்தியா?"

"பாத்தேன். குப்பிய ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாத்த. பெறவு உள்ள கொண்டாந்து பாத்த. திரும்பவும் ஜன்னலுக்குப் போன."

அந்தக் குப்பிகளின் மூடியில் ஊதா நிறத்தில் ஒரு வட்டம் இருக்கும். வட்டத்துக்குள் வெளுத்த ஒரு சதுரம். எத்தனை கருவிகள் வந்தபோதும் அது மட்டும் மாறவில்லை. சூடுபட்டால் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்தைச் சதுரம் தொட்டுவிட்டால் மருந்து செத்துவிட்டது, தூக்கிப்போட வேண்டும். அன்றைக்கு, உள்ளே பார்த்தபோது இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தன. ஜன்னலோரம் பார்த்தபோது சதுரம் ஒரு மயிரிழை வெளுத்திருந்தது. வெளியே ஏழு தாய்மார். உப்பளத்தில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். திருப்பி அனுப்பினால் மறுபடி வருவார்களோ மாட்டார்களோ. ஒருவேளை நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்த கணத்தில் உள்ளே ஒரு துடிப்பு இருந்தது. அது என்னவென்று டாக்டர் வஹிதா விளக்கிச் சொன்ன நாளில்தான் அவளுக்குப் புரிந்தது.

"என்னயப் பத்திக் கோர்ட்ல ஏன் சொல்லல?"

"ஒன்னக் காப்பாத்தணும்னு அப்ப நெனச்சேன்."

"இப்ப?"

யோசித்தான். அவன் யோசிப்பது அவளுக்குத் தெரிந்தது. வெறும் பெட்டிக்குள் கைவிட்டுத் தேடுகிறவனைப் போல.

"இப்ப யாராவது கேட்டாச் சொல்லுவேன்க்கா. சொல்லாம இருக்கதுக்கு ஒண்ணும் இல்ல."

எஸ்தர் ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டாள். ஆறு குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறு ஊசி போட்டாயிற்று. கொஞ்சத்தில் தப்பியது. ஒரு குழந்தை மட்டும். அந்த ஒன்றுக்காக, மூன்று வருடமாக ஒவ்வொரு குப்பியையும் மூன்று முறை பார்க்கிறாள். சந்தேகம் வந்தால் அந்த நிமிடமே தூக்கிப்போடுகிறாள். தாய்மார் முனகினாலும், மேலதிகாரி கணக்குக் கேட்டாலும். அவளை அப்படிப் பார்க்க வைப்பது எது? அதையும் யாராவது வந்து அமர்த்திவிட்டால் கை அன்றைக்குப்போலவே ஊசியை எடுத்துவிடும்.

டாக்டர் வஹிதாவின் அறையில் குளிர் அதிகமாக இருந்தது. எஸ்தர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கிளாட்சன், டாக்டர் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தான். மேசைமேல் ஒரு தட்டைத்திரை. அதில் விரல் வைக்க ஒரு நீலக் கட்டம் ஒளிர்ந்தது.

"ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார் டாக்டர். "ஒரு புகார் இல்ல. ஒரு தடவகூட அவர் அந்தப் பக்கம் போகல. என்ன கிளாட்சன், சந்தோஷமா இருக்கீங்களா?"

"வருத்தமா இல்ல டாக்டர்."

"நிரந்தரமாக்கிடலாமா?"

"அக்கா சொல்றபடி."

டாக்டர் எஸ்தரைப் பார்த்துச் சிரித்தார். "இங்க கட்டைவிரல் மட்டும் வைங்கம்மா. முடிஞ்சுது."

எஸ்தர் கையை எடுக்கவில்லை.

"டாக்டர், இவன் செஞ்சதுக்கு இவன் வருத்தப்படுதானா?"

"அது..." டாக்டர் பேனாவை மூடினார். "வருத்தம்னா, இப்படி நடக்காம இருந்திருக்கக் கூடாதான்னு ஏங்கறது. ஏக்கமும் அந்தத் துடிப்பும் ஒரே பாதையிலதான் ஓடுது. தனித்தனியாப் பிரிக்க இன்னும் தெரியல. ஒண்ண அமத்தினா மத்ததும் கொஞ்சம் அமுங்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, இதுக்கு முன்னாடி இவர் வருத்தப்பட்டு என்ன ஆச்சு? ஒவ்வொரு தடவையும் அழுதிருப்பார். சத்தியம் பண்ணிருப்பார். மறுபடி போயிருப்பார். இல்லையா?"

"ஆமா."

"நான் இருநூறு வீட்டப் பாத்திருக்கேம்மா. பிள்ளைங்க பால்பவுடர வித்து ஆடினவங்களப் பாத்திருக்கேன். வருத்தப்படாத நல்லவன் வேணுமா, வருத்தப்படற திருடன் வேணுமான்னு கேட்டா, இருநூறு வீடும் ஒரே பதில்தான் சொல்லும்."

அதில் அநியாயமாக ஒன்றும் இல்லை. அந்த இருநூறு வீட்டுப் பெண்களும் தன்னைப்போலவே தூங்க ஆரம்பித்திருப்பார்கள் என்று எஸ்தர் நினைத்தாள். அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. கைரேகை வைத்த ஒவ்வொரு விரலும் எவ்வளவு களைத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"நான் ஒண்ணு சொல்லணும் டாக்டர்" என்றாள்.

சொன்னாள். வட்டத்தையும் சதுரத்தையும் சொன்னாள். ஜன்னலைச் சொன்னாள். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. குழந்தைக்கு எத்தனையாவது நாளில் எந்த ஊசி என்று தாய்மார்களுக்குச் சொல்லிப் பழகிய குரல். டாக்டர் வஹிதா நடுவில் ஒருமுறை, "இதெல்லாம் இப்ப எதுக்கும்மா?" என்றார். பிறகு பேசவில்லை.

"நீங்க சொன்னத நான் எழுதிக்க வேண்டியிருக்கும்" என்றார் கடைசியில், தயக்கத்தோடு. "உங்க வேலைக்கே ஆபத்து."

"எழுதிக்கிடுங்க."

கிளாட்சன் அக்காவைப் பார்த்தான். பார்த்தான், அவ்வளவுதான். பழைய கிளாட்சன் என்றால் மேசையைத் தாண்டி வந்து அவள் வாயைப் பொத்தியிருப்பான்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் எஸ்தர்?" டாக்டர் முதல்முறையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "நிதானமா யோசிங்க. இத எடுத்துட்டா, இவர் இருபது மாசத்துக்கு மேல உள்ள இருக்கணும். வெளிய வந்ததும் மறுபடி ஆட மாட்டார்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியாது. ஆடுவான்னுதான் நெனைக்கேன்."

"மறுபடி திருடினா?"

"பிடிச்சுக் குடுப்பேன். பைய ஒளிச்சு வப்பேன். தூங்க மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு?"

எஸ்தருக்குச் சுடர்க்கொடி வாசலில் நின்ற விதம் நினைவுக்கு வந்தது, கணுக்கால் உப்போடு.

"இவன் கடுதாசிக்கு ஒருத்தி காத்துக்கிட்டு இருக்கா டாக்டர். கிழிச்சுப் போடத்தான். இருந்தாலும் காத்துக்கிட்டு இருக்கா."

கிளாட்சன் மெதுவாகக் கேட்டான்: "அப்ப நான் எங்கக்கா போணும்?"

"ஜெயிலுக்குல."

"சரிக்கா."

அந்த 'சரி' அவளைக் கொன்றது. இன்னும் சில நாளில், மிளகை எடுத்த பிறகு, இதே 'சரி'யை நினைத்து அவன் அவளைச் சபிப்பான். ஏன்க்கா விட்டுட்ட என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவான். வெளியே வர அவன் ஏங்குவதை அவள் வாரம்தோறும் நின்று பார்க்க வேண்டியிருக்கும். அவளுக்கும் வேலை இருக்குமோ இருக்காதோ.

டாக்டர் வஹிதா திரையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்தினார். நீலக் கட்டம் ஒளிர்ந்துகொண்டே இருந்தது. "ஒரே ஒரு விரல்ம்மா" என்றார், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில்.

எஸ்தர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் டாக்டர்" என்றாள். "ஜெயில்ல மனு போட்டு இவனப் பாக்குறதுக்கு எந்தக் கெழமை வரணும்னு மட்டும் சொல்லுங்க."

கட்டம் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தானாக அணைந்தது.